பிழை மேசை

பள்ளி நிர்வாகி தன் கைபேசியைப் பேனாக்கூட்டின் மேல் சாய்த்து வைத்து டீச்சர் பக்கம் திருப்பினார். திரைக்குள் டீச்சரே நின்றுகொண்டிருந்தாள். கையில் கத்தி, எதிரே வெள்ளை ஓடு, ஓட்டின் மேல் ஒரு மெழுகுக் கட்டி.

"முதல் துண்டுக்கே பிள்ளைங்க கை தட்டிட்டாங்க," என்றாள் திரையில் இருந்தவள். "'இன்னும் பெரிசு டீச்சர், இன்னும் பெரிசு'ன்னு ஒரே கத்தல். எனக்கும் ஆசை வந்துடுச்சு. ரெண்டாவது துண்டை இவ்வளவு பெரிசா வெட்டினேன். சோடியத்தை யாரும் இந்த அளவுக்கு வெட்டக் கூடாது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வெட்டினேன்."

கத்தி மெழுகில் இறங்கியது. ஓட்டின் மேல் உருண்ட துண்டு நல்ல பட்டாணி அளவு இருந்தது. நிர்வாகி படத்தை அங்கேயே நிறுத்தினார்.

"இது யாரு?"

"நான்தான் சார்."

"எங்க எடுத்தது?"

"எங்க வேதியியல் ஆசிரியர் சங்கத்துல. மாசக் கூட்டம்."

"எங்ககிட்ட கொடுத்த விளக்கத்துல, 'துண்டு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக அமைந்துவிட்டது'ன்னு இருக்கே?"

"அது உங்க ஆபீஸ்ல எழுதி நீட்டினது சார். நான் கையெழுத்துப் போட்டேன். அதுவும் தப்புதான். துண்டு தானா அமையல. நான் அமைச்சது."

நிர்வாகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தானே நடந்து போய்ப் பொறிக்குள் தலையைக் கொடுத்த எலியை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர்போல அவர் முகம் இருந்தது.

"யாரும் கேக்காம, சங்கத்துல போய் இதை ஏம்மா சொன்னீங்க?"

இதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. டீச்சர் எங்கே தொடங்குவது என்று யோசிப்பதற்குள் நிர்வாகி முடிவைச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை விசாரணை. அன்று வகுப்பில் சோடியம் வெடித்துக் கையில் சூடுபட்ட பெண்ணின் அம்மா வருகிறார். அவருக்கு முன்னால் டீச்சர் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். இனி வகுப்பில் எந்தச் சோதனையையும் கையால் செய்து காட்டுவதில்லை, எல்லாம் திரையில் படமாகத்தான். ஆய்வகச் சாவியையும் அப்போதே ஒப்படைத்துவிட வேண்டும். அந்த அறையில் கணினிகள் வைக்க ஏற்கெனவே ஆள் வந்து சுவரை அளந்துவிட்டுப் போயிருந்தான்.

"போட மாட்டேன்னா?"

"வேலையை விட்டு நிறுத்துறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லம்மா," என்றார் நிர்வாகி. மிரட்டலாகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது, குடை எடுத்துப் போங்கள் என்பதுபோலச் சொன்னார். அதுதான் டீச்சருக்குச் சுருக்கென்றது.

வேதியியல் ஆசிரியர் சங்கம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அதற்குச் சொந்தமாக ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு தலைவரும் உண்டு, கட்டடம் கிடையாது. சுற்றுவட்டாரப் பள்ளிகளின் வேதியியல் ஆசிரியர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை, யாராவது ஒருவருடைய பள்ளி ஆய்வகத்தில் கூடுவார்கள். ஒரு பள்ளியில் கண்ணாடிக் குழாய் உடைந்தால் இன்னொரு பள்ளியிலிருந்து பழைய செய்தித்தாளில் சுற்றப்பட்டுப் பஸ் ஏறி வரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் முதல் முறை அமிலம் கலக்கும்போது, பக்கத்துப் பள்ளிக்காரர் விடுப்புப் போட்டுவிட்டு வந்து கூடவே நிற்பார். தேநீர் வந்தால்கூட இவர்கள் கோப்பையில் மூக்கை நுழைக்க மாட்டார்கள். தள்ளிப் பிடித்து, உள்ளங்கையால் ஆவியை மூக்கின் பக்கம் விசிறி மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்கள். தேநீர் கொண்டுவந்த கடைக்காரர் முதல் நாள் பதறிப்போய், "ஏன் சார், ஈ விழுந்துடுச்சா?" என்று கேட்டிருக்கிறார்.

அங்கே எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர். விரல் நுனி எப்போதும் பழுப்பேறியிருப்பவர் அயோடின். யாரோடும் ஒட்டாமல், எதற்கும் பட்டுக்கொள்ளாமல் இருக்கும் தலைவர், அவர் முதுகுக்குப் பின்னால் மட்டும், மந்த வாயு. சட்டென்று பற்றிக்கொண்டு கண்கூச எரிவதால் டீச்சருக்கு மெக்னீசியம். சென்ற மாதம் கல்யாணமாகி, இந்த மாதம் சங்கத்தில் சேர்ந்தவருக்கு வேறு பெயர் யோசிக்க நேரம் இல்லாமல் புதுமாப்பிள்ளை.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் தொடங்கியதும் முன்னால் ஒரு மேசையைக் காலி செய்வார்கள். அதற்குப் பிழை மேசை என்று பெயர். அந்த மாதம் வகுப்பில் தப்புச் செய்தவர் அங்கே வந்து நின்று, செய்த தப்பை அப்படியே மறுபடியும் செய்து காட்ட வேண்டும். மருந்து மட்டும் பொய். சோடியத்துக்கு மெழுகு, அமிலத்துக்குத் தண்ணீர். மற்றதெல்லாம் நிஜமாக இருக்க வேண்டும்: எந்தக் கையில் எடுத்தார், அப்போது யார் என்ன சொன்னார்கள், மனதில் என்ன ஓடியது. முடிந்ததும், அதே தப்பைத் தானும் செய்தவர்கள் இருந்த இடத்தில் எழுந்து நிற்பார்கள். வாய் திறக்க மாட்டார்கள். ஆறுதல், அறிவுரை எதுவும் கிடையாது. நின்றுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு தேநீர்.

இரண்டு வருடம் முன்னால் அயோடின் அந்த மேசையில் நின்றார். தண்ணீரும் வெறும் குழாயுமாக ஐந்து நிமிடம் செய்து காட்டினார். "இது வெறும் சுடுதண்ணிதானே, இதுக்கு எதுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி" என்று பையனிடம் தான் சொன்னதை, சொன்ன அதே குரலில் சொன்னார். அது வெறும் சுடுதண்ணீர் இல்லை. பையனின் கண் பிழைத்துக்கொண்டது. ஆனால் அதைச் சொல்லும்போது அயோடின் நின்ற நிலையைப் பார்த்தவர்கள், மறுநாள் முதல் கண்ணாடி இல்லாத பிள்ளையை ஆய்வகத்துக்குள் விடவில்லை. சோடியம் வெடித்த அன்று டீச்சரின் வகுப்பில் எல்லாரும் கண்ணாடி போட்டிருந்தார்கள். ஒரு துளி மூன்றாவது வரிசைப் பெண்ணின் மணிக்கட்டில் தெறித்தது. இன்னொரு துளி அவளுடைய கண்ணாடியின் மேல் தெறித்தது. மணிக்கட்டைக் குழாய்த் தண்ணீரில் நெடுநேரம் பிடித்திருந்தாள். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம் மிஞ்சியது. கண்ணாடியில் விழுந்த புள்ளியைத் துடைத்தும் போகவில்லை. டீச்சர் அதை அலமாரியில் வைத்திருந்தாள்.

வீட்டில் அன்று மாலை தம்பி வந்திருந்தான். வக்கீல். அக்காவின் பிரச்சினை என்றால் கட்டணமும் இல்லை, வாய்க்கு அணையும் இல்லை.

"ஒரே வரி அக்கா. 'அது ஆசிரியர் பயிற்சிக்காகப் போட்ட நாடகம்'. முடிஞ்சுது கதை."

"அது நாடகமாடா?"

"நீ வெட்டினது சோடியமா, மெழுகா?"

"மெழுகு."

"அப்போ நாடகம்தானே? மெழுகை வெட்டினதுக்கு உலகத்துல எந்த நிர்வாகியும் யாரையும் வேலையை விட்டு எடுக்க முடியாது. அத்தான், நீங்களாவது சொல்லுங்களேன்."

அத்தான் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர். கூடத்தின் நடுவே யாருடையதோ ஒரு பெட்டியின் முதுகைத் திறந்து போட்டுவிட்டு, பாதி உடம்பை உள்ளே விட்டிருந்தார். தலையை வெளியே எடுக்காமலே பேசினார்.

"உங்க அக்கா வாயைப் பூட்ட நானும் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சாவி தேடிக்கிட்டு இருக்கேன் மச்சான். நீங்க ஒரே சாயங்காலத்துல பூட்டப் பாக்கறீங்க."

"விளையாடாதீங்க அத்தான். வேலை போயிடும்."

இதற்கு அவர் தலையை வெளியே எடுத்தார். டீச்சரைப் பார்த்தார். "உன் தம்பி சொல்றதைக் கேளேன்மா," என்றார் மெதுவாக. "நாடகம்னு சொல்லிடு. சாவி உன் கையிலேயே இருக்கும். நாளைக்கும் நீதானே பிள்ளைங்களுக்குச் செஞ்சு காட்டப்போற? ஒரு பொய். யாருக்கு என்ன நட்டம்?"

டீச்சர் உடனே பற்றி எரியவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவள் அதையேதான் பஸ்ஸில் வழிநெடுக யோசித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"நான் நாடகம்னு சொன்னா, எனக்கு முன்னாடி அங்க நின்னவங்க எல்லாரும் நடிச்சவங்க ஆயிடுவாங்க," என்றாள். "அயோடின் நடிச்சிருந்தா நான் கண்ணாடியை வாங்கியிருக்கவே மாட்டேன். இனிமே யாராவது அந்த மேசைக்கு வந்து நிஜத்தைச் சொன்னா, கேக்கறவன் மனசுல 'இதுவும் சும்மா'ன்னுதானே ஓடும்? அப்புறம் அது மேசை இல்ல. வெறும் மரக்கட்டை."

"அப்போ உறுதிமொழியில கையெழுத்துப் போடப்போறியா?" என்றான் தம்பி.

"அதுவும் மாட்டேன்."

"ரெண்டுல ஒண்ணுதானே அக்கா இருக்கு!"

"நீ வக்கீலா, அவங்க ஆபீஸ் கிளார்க்கா? மூணாவதைத் தேடு."

தம்பி வாயைப் பிளந்துகொண்டு அத்தானைப் பார்த்தான். அத்தான் மறுபடி பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார். உள்ளிருந்து, "சாவி கிடைக்காதுன்னு சொன்னேனே மச்சான்," என்ற குரல் மட்டும் வந்தது.

சங்கத்தின் அவசரக் கூட்டம் அயோடின் பள்ளி ஆய்வகத்தில் நடந்தது. வாசலில் வழக்கம்போல ஒரு பிளாஸ்டிக் தொட்டி. உள்ளே வருகிறவர்கள் கைபேசியை அதில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அது பிழை மேசையின் முதல் விதி. அப்படியிருந்தும் படம் எப்படி வெளியே போனது என்பதுதான் எல்லார் வாயிலும்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "நடந்தது நடந்துபோச்சு. இப்போ சங்கத்தைக் காப்பாத்தணும். நாளைக்கு ஒவ்வொரு பள்ளி நிர்வாகியும், 'எங்க ஆள் அங்க வந்து என்ன ஒப்புக்கிட்டான்?'னு கேட்டா யார் பதில் சொல்றது? அதனால ஒரு கடிதம் தயார் பண்ணியிருக்கேன். அது பயிற்சி நாடகம், சம்பவம் முழுக்கக் கற்பனை. மெக்னீசியத்துக்கும் நல்லது, நமக்கும் நல்லது. இனிமே இந்த மேசை வழக்கமும் வேண்டாம். பாடத்திட்டம் பத்திப் பேசுவோம்."

"கற்பனைன்னா, பொண்ணு கையில இருக்கிற காயமும் கற்பனையா சார்?" என்றாள் டீச்சர்.

"வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காதீங்கம்மா."

"நான் தொங்கல சார். நீங்கதான் என்னை அதுல தொங்க விடறீங்க."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். அப்போது பின்வரிசையில் நாற்காலி கிரீச்சிட்டது. புதுமாப்பிள்ளை எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் முன்னால் நடந்து வந்து, மேசை மேல் இருந்த தேநீர்க் கோப்பைகளை ஒவ்வொன்றாக ஓரத்தில் எடுத்து வைத்தார். மேசை காலியானது. வாசலுக்குப் போய்த் தொட்டியிலிருந்து ஒரு கைபேசியை எடுத்து வந்தார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார்.

"இது என்னோடது," என்று முதலாவதை வைத்தார். "இது கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது. போன கூட்டத்துல பழசைத் தொட்டியில போட்டேன். புதுசு பையிலேயே இருந்தது. மெக்னீசியம் மேடம் பேச ஆரம்பிச்சதும்... நான் வகுப்புல இன்னும் சோடியத்தைத் தொட்டதே இல்ல. பயம். இதைத் திரும்பத் திரும்பப் பாத்துக்கலாம்னு எடுத்தேன். அப்புறம் பஸ்ஸில நின்னுக்கிட்டு... யாராவது என்னைக் கொஞ்சம் இடிங்க."

யாரும் நகரவில்லை. அயோடின் எழுந்து போய்த் தோளால் இடித்தார்.

"இன்னும் பலமா சார். பஸ்ல செம கூட்டம்."

அயோடின் மறுபடி இடித்தார். புதுமாப்பிள்ளையின் கட்டைவிரல் கைபேசித் திரையில் வழுக்கியது. "நம்ம சங்கத்துக் குழுவுக்கு அனுப்பறதா நினைச்சேன். 'பாருங்க, எவ்வளவு தைரியம்'னு எழுதி அனுப்பினேன். அந்தக் குழுவுக்கு முகப்புப் படம் ஒரு குடுவை. எங்க பள்ளிப் பெற்றோர் குழுவுக்கும் அதே குடுவைப் படம்தான்; நான்தான் வச்சேன், பாக்க அழகா இருக்குதேன்னு. விரல் இங்க விழுந்தது. நான் கவனிக்கிறதுக்குள்ள இறங்கற இடம் வந்துடுச்சு. வீட்டுக்குப் போய்ப் பாக்கறப்போ ஊரெல்லாம் போயிடுச்சு." நிறுத்தினார். "தெரிஞ்ச அன்னைக்கே சொல்லியிருக்கணும். மாமனார் கொடுத்த போனால வந்த வினைன்னு வீட்டுல தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சேன். அவ்வளவுதான்."

பிறகு விதிப்படி நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. முதலில் அயோடின் எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்தார். பிறகு இந்தப் பக்கம் நால்வர், அந்தப் பக்கம் ஐந்தாறு பேர். தப்பான குழுவுக்குச் செய்தி அனுப்பாதவர் அந்த அறையில் யாரும் இல்லை என்பது தெரிந்தது. கடைசியில் தலைவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். மனைவிக்கு எழுதிய 'கண்ணே, கோபமா?' என்ற செய்தியை அவர் சங்கக் குழுவில் போட்டு இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. தலைவர் பற்களைக் கடித்துக்கொண்டு எழுந்தார். அதற்கு மேல் அடக்க முடியாமல் அறையே சிரித்தது. புதுமாப்பிள்ளை மட்டும் அழுதுகொண்டிருந்தார்.

டீச்சர் அவரிடம் போகவில்லை. ஆறுதல் சொல்வது விதியில் இல்லை. தலைவரிடம் போனாள்.

"சார், போன கூட்டத்துல நான் செஞ்சு காட்டினப்போ பத்துப் பேருக்கு மேல எழுந்தாங்க. நீங்க உக்காந்தே இருந்தீங்க. கை தட்டலுக்காக நீங்க ஒரு தடவைகூட எதையும் பெரிசா பண்ணினதில்லையா?"

தலைவர் தன் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "கூட்டம் முடிஞ்சுது," என்றார்.

வெள்ளிக்கிழமை விசாரணை டீச்சர் கேட்டபடியே ஆய்வகத்தில் நடந்தது. சம்பவம் நடந்த இடம் அதுதானே என்று அவள் சொன்னபோது நிர்வாகி தட்டவில்லை. கையோடு சாவியையும் வாங்கிப் பூட்டிவிடலாம் என்று அவருக்கு ஒரு கணக்கு. சங்கத்து ஆட்கள் கூட இருக்கலாம் என்ற விதியைத் தம்பி எங்கிருந்தோ தோண்டி எடுத்துக் கொடுத்திருந்தான். "இதுதான் நீ கேட்ட மூணாவது. நல்லதுக்கா கெட்டதுக்கான்னு என்னைக் கேக்காதே," என்றும் சொல்லியிருந்தான். சங்கத்தில் ஏழெட்டுப் பேர்தான் வந்தார்கள். மற்றவர்களுக்கு ஒரே நாளில் காய்ச்சல் கண்டிருந்தது. தலைவரைக் காணோம்.

பெண்ணின் அம்மா வங்கியில் அதிகாரி. கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உறுதிமொழி இதுல இருக்கு," என்று நிர்வாகி தாளை நீட்டினார். "கையெழுத்துப் போட்டா, நாம எல்லாரும் வேலையைப் பாக்கலாம்."

"முதல்ல இவங்களுக்கு நான் பதில் சொல்லணும் சார்," என்றாள் டீச்சர். நிர்வாகி என்ன ஏது என்று கேட்பதற்குள், முன்மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையையும் தாளையும் எடுத்து ஓரமாக வைத்தாள். வெள்ளை ஓட்டை வைத்தாள். மெழுகுக் கட்டியையும் கத்தியையும் வைத்தாள். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, படத்தில் சொன்னதையே சொன்னாள். கை தட்டினார்கள். பெரிசு என்று கத்தினார்கள். ஆசை வந்தது. தெரிந்தே வெட்டினேன். கத்தி இறங்கியது. பட்டாணி அளவுத் துண்டை இடுக்கியில் பிடித்துக் கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் போட்டாள். மெழுகு மிதந்து போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சும்மா நின்றது.

"அன்னைக்கு இப்படித்தான் ஓரத்துல ஒட்டிச்சு. ஒட்டினா வெடிக்கும். உங்க பொண்ணு அதோ அந்த மூணாவது வரிசை. ஒரு துளி கையில. இன்னொரு துளி இதுல." பாதுகாப்புக் கண்ணாடியை அவர் முன்னால் வைத்தாள். கண்ணாடியின் நடுவில், வலது விழி இருக்கக்கூடிய இடத்தில், ஒரு வெளிறிய புள்ளி இருந்தது.

பின்னால் சரசரவென்று பெஞ்சுகள் நகர்ந்தன. அயோடின் எழுந்து நின்றார். புதுமாப்பிள்ளை தவிர மற்றவர்களும் நின்றார்கள். அவர் இன்னும் சோடியத்தைத் தொட்டதில்லை, நிற்க அவருக்கு உரிமை இல்லை.

நிர்வாகி குழம்பிப்போனார். "என்ன, கிளம்பிட்டீங்களா? இருங்க, இன்னும் முடியலையே."

யாரும் உட்காரவில்லை. அப்போது வாசலில் செருமல் கேட்டது. தலைவர், கையில் குடையோடு, எப்போது வந்தாரோ தெரியவில்லை. உள்ளே வந்தார். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. அயோடின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். மந்த வாயுக்களும் சில நேரம் வினைபுரியும் என்று பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி உண்டு. பரீட்சைக்கு வராது என்பதால் யாரும் படிப்பதில்லை.

பெண்ணின் அம்மா கண்ணாடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இதைப் போடச் சொன்னது யாரு? பள்ளிக்கூடமா?"

"இல்லம்மா. அந்தப் பழுப்பு விரல் சார். இதே மாதிரி ஒரு மேசையில நின்னு அவர் தப்பைக் காட்டினார். அதைப் பாத்துதான்."

அந்த அம்மா திரும்பி அயோடினைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"எனக்குக் கோபம் போகல," என்றார் அம்மா டீச்சரிடம். "கை தட்டலுக்காக என் பொண்ணு பக்கத்துல வெடி வச்சிருக்கீங்க. இன்னும் கொஞ்ச நாளைக்கு என்னால உங்களைப் பாத்துச் சிரிக்க முடியாது."

"வேண்டாம்மா."

"ஆனா சார்," என்று நிர்வாகி பக்கம் திரும்பினார், "இந்த அறையை மூடணும்னு நான் எங்க கேட்டேன்? என்ன நடந்ததுன்னு மூணு தடவை உங்களுக்கு எழுதினேன். 'அமைந்துவிட்டது'ன்னு ஒரு பதில் அனுப்பினீங்க. நான் பார்த்த அந்தப் படத்துலதான் முதல்ல ஒரு பதில் கிடைச்சுது." கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அவளை வகுப்புக்கு அனுப்பறேன். கண்ணாடி இல்லாம உள்ள விட்டா மறுபடி வருவேன்."

அவர் போனபின் நிர்வாகி தாளை மேசையின் நடுவுக்கு நகர்த்தினார். "அவங்க சொன்னது அவங்க விருப்பம். பள்ளியோட முடிவு பள்ளியோடது. கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா சாவியையாவது கொடுங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்." கையை நீட்டினார்.

"ரெண்டும் மாட்டேன் சார். நிறுத்தறதுன்னா நிறுத்துங்க. ஆனா காரணத்தை அப்படியே எழுதிக் கொடுங்க: தப்பை மறைக்காததுக்காக நிறுத்தறோம்னு. அதை எங்க சங்கத்துல எல்லாரும் படிப்பாங்க. தலைவரே எல்லாப் பள்ளிக்கும் அனுப்புவார். இந்தத் தடவை சரியான குழுவுக்கு."

தலைவர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அனுப்புவேன்," என்றார்.

நிர்வாகி நீட்டிய கையை மடக்கவில்லை. "சாவி?"

"பாத்திரம் கழுவாம ஆய்வகத்தைப் பூட்டற பழக்கம் எங்களுக்கு இல்ல சார்."

கழுவ வேண்டியது ஒரு கத்தியும் ஒரு தொட்டியும்தான். ஆனால் அயோடின் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அலமாரியைத் திறந்தார். சோதனைக் குழாய்களைக் கட்டுக்கட்டாக வெளியே எடுத்தார். ஒருவர் தேய்த்தார், ஒருவர் அலசினார், ஒருவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுல புள்ளி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். தலைவர் குடையை ஆணியில் மாட்டிவிட்டு, கவிழ்த்து வைக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். இவ்வளவு பெரியவர்கள் இவ்வளவு பொறுமையாகக் குழாய் கழுவுவதை நிர்வாகி வாழ்க்கையில் பார்த்ததில்லை. இதோ முடிந்துவிடும் என்று ஒவ்வொரு நிமிடமும் நினைத்துக்கொண்டு, கையைக் கட்டி நின்றார்.

மணி அடித்தது. வராந்தாவில் காலடிகள். பாட அட்டவணைப்படி அந்த நேரம் வேதியியல் செய்முறை வகுப்பு. அதை மாற்ற நிர்வாகி மறந்திருந்தார். கதவைத் திறந்துகொண்டு பிள்ளைகள் உள்ளே வந்து, ஏழெட்டுப் புது ஆசிரியர்களைப் பார்த்துத் திகைத்து, பழக்கத்தில் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஆளுக்கொன்றாக எடுத்து மாட்டிக்கொண்டார்கள். மூன்றாவது வரிசைப் பெண்ணும் வந்தாள். அம்மா வாசலிலேயே அவளிடம் ஏதோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். நேராகத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

டீச்சர் ஒரு கண்ணாடியை எடுத்து நிர்வாகியிடம் நீட்டினாள்.

"உள்ள இருக்கறதா இருந்தா இதைப் போட்டுக்குங்க சார். இது இல்லாம யாரையும் விடறதில்ல."

அறை முழுக்க அவரைப் பார்த்தது. நிர்வாகி சொந்தக் கண்ணாடியின் மேலேயே அதை மாட்டிக்கொண்டார்; ஒரு பக்கம் காதில் நிற்காமல் சரிந்தது. புதுமாப்பிள்ளை ஓடிவந்து சரிசெய்துவிட்டு, அப்படியே முன்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டார்.

டீச்சர் எண்ணெயில் மூழ்கிக் கிடந்த சோடியத்தை இடுக்கியால் எடுத்து, வடிதாளில் ஒற்றி, ஓட்டின் மேல் வைத்தாள். வெட்டினாள். அரிசி அளவு. மிச்சத்தை எண்ணெயிலேயே போட்டு மூடினாள். தொட்டியில் புதுத் தண்ணீர் ஊற்றி, நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டாள். தொட்டிக்கு முன்னால் தடுப்புக் கண்ணாடியை நகர்த்தி வைத்து, துண்டைத் தண்ணீரில் விட்டாள். அது உருண்டு, உஸ்ஸென்று சீறிக்கொண்டு, தண்ணீரின் மேல் இங்கும் அங்குமாக ஓடியது. ஓடிய வழியெல்லாம் தண்ணீர் இளஞ்சிவப்பாகிக்கொண்டே வந்தது. கடைசியில் சிறிதாகி, சிறிதாகி, இல்லாமல் போனது.

பிள்ளைகள் கை தட்டினார்கள். புதுமாப்பிள்ளையும் தட்டினார். பின்னால் நின்ற ஒருவரோ இருவரோகூட.

"இன்னும் பெரிசு டீச்சர்!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. உடனே பத்துக் குரல்கள் சேர்ந்துகொண்டன. "பெரிசு! பெரிசு!"

டீச்சர் கத்தியைத் துடைத்தாள்.

"மாட்டேன்," என்றாள். "கொஞ்ச நேரம் முன்னாடி நிர்வாகி சார்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். நோட்டை எடுங்க."